பகிர்வதும் ஒரு பொறுப்பே!

பகிர்ந்து உண்ண வேண்டும் என்பது நாம் பள்ளிக்கு வந்த முதல் நாளிலேயே கற்றுக்கொண்ட பாடம். மதிய இடைவேளையில் ஒருத்தியின் எலுமிச்சை சாதம் நால்வருக்குப் போவதும், ஒரே அப்பளம் எட்டுத் துண்டாக உடைவதும் நாம் அன்றாடம் காணும் காட்சி. ஆண்டவர் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு பெருந்திரளான மக்களின் பசியைப் போக்கிய புதுமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வியந்திருக்கிறோம்.

ஆனால் அப்பத்திற்கும் கணிப்பொறியில் உள்ள கோப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அப்பத்தைப் பகிர்ந்தால் நம் கையில் இருப்பது குறையும். கோப்பை நகலெடுத்துக் கொடுத்தால் எதுவும் குறைவதில்லை. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இது நல்லதுதானே என்று தோன்றும். அப்பம் பெருகினால் பசி தீரும் என்பது உண்மை. ஆனால் நகல்கள் பெருகினாலோ, அவற்றுள் எது சரியானது என்ற குழப்பமே மிஞ்சும். இதனை நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்து அறியவில்லை; பள்ளி அலுவலகத்தில் கண்ணாரக் கண்டோம்.

ஒரு பிறந்த தேதி படுத்திய பாடு

நமது அலுவலகத்தில் நான்கு கணிப்பொறிகள் உள்ளன. அலுவலக அக்காவின் மேசையில் ஒன்று, தலைமையாசிரியை சகோதரியின் அறையில் ஒன்று, தேர்வுப் பொறுப்பு டீச்சரிடம் ஒன்று, கட்டணம் செலுத்தும் சன்னலருகே ஒன்று. முன்பு இவை நான்கும் தனித்தனித் தீவுகளாக இருந்தன. தீவுகளுக்கிடையே ஓடிய படகு ஒரு பென் டிரைவ்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஒரு மாணவியின் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. அவளுடைய தந்தை பிறப்புச் சான்றிதழுடன் வந்து சொல்ல, அலுவலக அக்கா அன்றே திருத்திவிட்டார். ஆனால் அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பே அதே பட்டியலின் நகல் ஒன்று பென் டிரைவில் தேர்வுப் பொறுப்பு டீச்சரின் கணிப்பொறிக்குப் போய்விட்டது. டீச்சர் தம்மிடம் இருந்த நகலில் புகைப்படங்களைச் சேர்த்தார், மொழிப்பாடங்களைச் சரிபார்த்தார். கடைசியில் மேலே அனுப்பப்பட்டது அந்த நகலே. அதில் பழைய தேதி அப்படியே இருந்தது.

சரிபார்ப்பதற்காகப் பட்டியலை அச்சிட்டு ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கினார்கள். அப்போதுதான் அந்த மாணவி, "டீச்சர், இது என் பிறந்த தேதி இல்லை" என்று எழுந்து நின்றாள். நல்ல வேளையாகத் திருத்தம் செய்வதற்குக் காலம் இருந்தது. மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால் அந்தத் தேதி கல்லூரிக்கும், வேலைக்கும், கடவுச்சீட்டுக்கும் வாழ்நாள் முழுவதும் கூடவே வருமே! ஆயினும் அவளுடைய தந்தை மறுபடியும் வர வேண்டியதாயிற்று. தினக்கூலிக்கு வேலை செய்யும் அவருக்கு மொத்தத்தில் இரண்டு நாள் கூலி போயிற்று.

இதில் யாரைக் குறை கூறுவது? அக்காவும் ஒழுங்காகவே வேலை செய்தார். டீச்சரும் ஒழுங்காகவே வேலை செய்தார். "தவறு ஆளிடம் இல்லை. ஒரே பட்டியல் இரண்டு வீட்டில் குடியிருந்ததுதான் தவறு" என்றார் தலைமையாசிரியை சகோதரி. அதன் பிறகே நான்கு கணிப்பொறிகளையும் ஒன்றாக இணைக்க ஏற்பாடாயிற்று. கணிப்பொறி அறிவியல் டீச்சரின் மேற்பார்வையில் இரண்டு சனிக்கிழமைகள் வயர் இழுத்த அனுபவம் எங்களுக்குக் கிடைத்தது. அதில் நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஆலயப் பதிவேடு காட்டும் வழி

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று நம் ஆலயத்திலேயே இருக்கிறது. அதுதான் ஞானஸ்நானப் பதிவேடு. ஒரு குழந்தை எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெறுகிறதோ, அந்தப் பங்கின் பதிவேட்டில்தான் அதன் பெயர் எழுதப்படும். அக்குழந்தை வளர்ந்து வேறு ஊருக்குச் சென்று அங்கே திருமணம் செய்துகொண்டாலும், திருமணம் நடந்த பங்கின் தந்தை முதல் பங்கிற்குச் செய்தி அனுப்புவார். அது பழைய பதிவேட்டில், அதே பெயருக்கு நேராகக் குறிக்கப்படும். உறுதிபூசுதலும் அவ்வாறே குறிக்கப்படும். 1983ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இதனை வலியுறுத்துகிறது.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். மூலப் பதிவேடு ஒன்றே. அது ஓர் இடத்தில் இருக்கிறது. தேவைப்படுவோர் அங்கே விண்ணப்பித்துச் சான்று பெறலாம். ஆனால் அதில் எழுதும் உரிமை எல்லோருக்கும் இல்லை. சிறிய அலுவலகத்தில் கோப்புகளைப் பகிர்வதற்கும் இதே மூன்றும்தான் அடிப்படை.

கணிப்பொறிகள் பேசத் தொடங்கிய கதை

1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஒரு குறிப்பை எழுதினார். அக்கூடத்தில் உருவாகிவந்த 'ஆல்டோ' கணிப்பொறிகளை ஒன்றோடொன்றும், லேசர் அச்சுப்பொறியோடும் இணைக்க வேண்டும் என்பதே நோக்கம். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறைக்கு 'ஈதர்நெட்' என்று பெயர். ஒளி பரவுவதற்கு வெளியெங்கும் 'ஈதர்' என்றொரு பொருள் நிறைந்திருப்பதாக முற்கால விஞ்ஞானிகள் எண்ணினார்கள் அல்லவா? அந்தச் சொல்லிலிருந்து வந்த பெயரே இது. இன்றும் அலுவலகங்களில் வயர் மூலம் கணிப்பொறிகளை இணைப்பது ஈதர்நெட் முறையிலேதான்.

வயர் இருந்தால் மட்டும் போதாது. பேசுவதற்கு மொழி வேண்டும். ஒரு கணிப்பொறியில் உள்ள கோப்பை மற்றொன்று கேட்டு வாங்குவதற்கான மொழியை 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பாரி ஃபைகன்பாம் வகுத்தார். அதற்கு எஸ்.எம்.பி. என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனைத் தன் விண்டோஸில் ஏற்று வளர்த்தது.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், வேறு வகைக் கணிப்பொறிகளும் இதே மொழியைப் பேசுமாறு ஒரு மென்பொருளை 1991ஆம் ஆண்டின் இறுதியில் எழுதத் தொடங்கினார். எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் சொல்லை ஓர் அகராதிக் கோப்பில் தேடி, 'சாம்பா' என்று அதற்குப் பெயர் வைத்தார். அதனை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு உலகுக்கு வழங்கினார். பகிர்வதற்கான கருவியையே பகிர்ந்துகொடுத்த அவருடைய செயல் நமக்கு ஒரு பாடமன்றோ!

இணைப்பது எப்படி?

நான்கு கணிப்பொறிகளுக்கும் நடுவில் ஒரு சிறு பெட்டி வேண்டும். அதற்கு 'ஸ்விட்ச்' என்று பெயர். இது விளக்கைப் போடும் ஸ்விட்ச் அன்று! தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அனுப்புவது போல, ஒரு கணிப்பொறியிலிருந்து வரும் செய்தியை உரிய கணிப்பொறிக்கு அனுப்பும் பெட்டி. இணையத்திற்காக வைத்திருக்கும் ரவுட்டர் பெட்டியின் பின்புறத்தில் பெரும்பாலும் நான்கு துளைகள் இருக்கும். சிறிய அலுவலகத்திற்கு அவையே போதும். மடிக்கணினியாக இருந்தால் வயர் இன்றி வைஃபை மூலமும் சேரலாம்.

இதற்கான வயரினுள் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு ஜோடிகளாகப் பின்னப்பட்டிருக்கும். பின்னுவது அழகிற்காக அன்று. அருகிலுள்ள கம்பிகளின் மின்சாரத்தால் செய்தி கெடாமல் இருப்பதற்காகவே. ஒரு வயரின் நீளம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்றைய ஸ்விட்சுகள் பலவும் விநாடிக்கு 1000 மெகாபிட் வேகம் கொண்டவை. எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் ஆகையால், கணக்குப்படி விநாடிக்கு 125 மெகாபைட் வரை செல்லலாம். நடைமுறையில் சற்றுக் குறையும். ஆனாலும் ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியல் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும்.

ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. ரவுட்டரே அதனை வழங்கிவிடும். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. விடுதியின் உள் தொலைபேசி எண்களைப் போல, வெளியிலிருந்து நேரடியாக இவற்றை அழைக்க முடியாது.

கதவைத் திறப்பது எப்படி?

இப்போது மூலக் கோப்பு எந்தக் கணிப்பொறியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். நமது அலுவலகத்தில் அக்காவின் கணிப்பொறியே தாய்க் கணிப்பொறி ஆயிற்று. அதில் முதலில் நெட்வொர்க்கின் வகையை 'பிரைவேட்' என்று குறிக்க வேண்டும்; பிறகு கோப்புப் பகிர்வை இயங்கச் செய்ய வேண்டும். ரயில் நிலையம், உணவகம் போன்ற பொது இடங்களின் வைஃபையில் ஒருபோதும் இவ்வாறு செய்யக் கூடாது.

அடுத்து, பகிர வேண்டியவற்றுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் திறக்க வேண்டும். முழு கணிப்பொறியையும் பகிர்வது, ஒரு புத்தகம் இரவல் கேட்டவரிடம் வீட்டுச் சாவியையே கொடுப்பதற்கு ஒப்பாகும். அந்த ஃபோல்டரின் மீது மௌஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'ப்ராபர்ட்டீஸ்' என்பதில் 'ஷேரிங்' என்ற பகுதிக்குச் சென்று, அதற்கு ஒரு பகிர்வுப் பெயர் கொடுக்க வேண்டும். மற்றக் கணிப்பொறிகளில் தாய்க் கணிப்பொறியின் பெயரையும் இந்தப் பகிர்வுப் பெயரையும் கொடுத்தால் ஃபோல்டர் திறக்கும். நாள்தோறும் தட்டச்சு செய்யாமல் இருக்க, அதனை 'இஸட் டிரைவ்' என்பது போல ஓர் எழுத்தால் நிலையாக இணைத்தும் வைக்கலாம்.

இங்கே இரண்டு சிறு செய்திகள். தாய்க் கணிப்பொறியை அணைத்துவிட்டாலும், அது தானாகத் தூங்கிவிட்டாலும் மற்ற மூவருக்கும் வேலை ஓடாது. ஆகவே அலுவலக நேரத்தில் அது தூங்காதபடி அமைக்க வேண்டும். மேலும், விண்டோஸ் 10, 11 ஆகிய சாதாரணப் பதிப்புகளில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரைதான் அனுமதி. நான்கு பேர் உள்ள அலுவலகத்திற்கு அது தாராளம்.

யாருக்கு எந்தச் சாவி?

எங்கள் மனத்தில் ஆழப் பதிந்த பாடம் இதுதான். பகிர்வது என்றால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பது அன்று.

ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் முதலில் அமைக்க வேண்டும். விண்டோஸில் மூன்று நிலை உரிமைகள் உண்டு. 'ரீட்' என்றால் படிக்கலாம், எழுத முடியாது. 'சேஞ்ச்' என்றால் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். 'ஃபுல் கன்ட்ரோல்' என்றால் பிறருக்கு உரிமை கொடுக்கவும் எடுக்கவும்கூட முடியும். பட்டியலில் 'எவ்ரிஒன்' என்று ஒரு பெயர் காணப்படும். 'எல்லோரும்' என்று பொருள். அந்த 'எல்லோரு'க்கும் முழு உரிமையைக் கொடுத்துவிட்டால் வேலை உடனே நடக்கும். அந்த எளிமைக்காகவே பலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். பின்னர் வரும் துன்பங்களுக்கெல்லாம் அதுவே வாசலாகிறது.

பகிர்ந்த ஃபோல்டருக்கு இரண்டு கதவுகள் உண்டு. 'ஷேரிங்' பகுதியில் கொடுக்கும் உரிமை வெளிக் கதவு. 'செக்யூரிட்டி' பகுதியில் கொடுக்கும் உரிமை உள் கதவு. பிற கணிப்பொறியிலிருந்து வருபவர் இரண்டையும் கடக்க வேண்டும். இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். வெளிக் கதவில் 'சேஞ்ச்' இருந்தும் உள் கதவில் 'ரீட்' மட்டும் இருந்தால், படிக்கத்தான் முடியும். "அனுமதி கொடுத்தோமே, ஏன் எழுத முடியவில்லை?" என்று நாங்கள் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் திகைத்து நின்றது இதனால்தான்.

இப்போது நமது அலுவலகத்தில் பெயர்ப்பட்டியலைத் திருத்தும் உரிமை அக்காவுக்கும் தேர்வுப் பொறுப்பு டீச்சருக்கும் மட்டுமே. கட்டணச் சன்னலில் அதனைப் படிக்கலாம். மருத்துவக் குறிப்புகளும் குடும்பச் சூழ்நிலைக் குறிப்புகளும் உள்ள ஃபோல்டர் தலைமையாசிரியை சகோதரிக்கு மட்டுமே திறக்கும். ஒரு தோழியின் வீட்டுக் கஷ்டமும், கட்டணச் சலுகை பெற்ற செய்தியும் பிறர் கண்ணில் பட வேண்டியவை அல்லவே! 2023ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர்களின் விவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது.

"இதற்கு இவ்வளவு வேலை ஏன்? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். அனுப்பினால் மறுபடியும் நகல்தான். அதுவும் தனிப்பட்ட கைப்பேசிகளில் தங்கிவிடும் நகல். அதைத் திரும்பப் பெறுவது அரிது.

ஒரே நேரத்தில் இருவர் எழுதினால்?

அக்காவும் டீச்சரும் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும்? முதலில் திறந்தவருக்குக் கோப்பு எழுதுவதற்குக் கிடைக்கும். இரண்டாவதாகத் திறப்பவருக்கு, அது வேறொருவர் கையில் இருக்கிறது என்ற அறிவிப்பு வரும். அவர் படிக்க மட்டும் செய்யலாம். இதற்குப் 'பூட்டு' என்று பெயர். அவசரப்பட்டு வேறு பெயரில் சேமித்துவிட்டால், பழையபடி இரண்டு பட்டியல்கள்! ஆகவே பொறுமையோடு காத்திருக்க வேண்டும்; அல்லது பக்கத்து அறைக்குச் சென்று, "முடித்துவிட்டீர்களா?" என்று கேட்க வேண்டும். எவ்வளவு வயர் இழுத்தாலும் மனிதர் மனிதரோடு பேசுவது நிற்கக் கூடாது என்பதை இந்தப் பூட்டு நினைவூட்டுகிறது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது: நம் கணிப்பொறியில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகும், மீட்கலாம். ஆனால் பகிர்ந்த ஃபோல்டரில் இருப்பதை வேறொரு கணிப்பொறியிலிருந்து அழித்தால், அது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, அப்படியே போய்விடும். ஆகவே அழிக்கும் உரிமையைச் சிலரிடமே வைக்க வேண்டும்.

இரண்டாவது: 2017 மே 12ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை அது. எஸ்.எம்.பி. மொழியின் பழைய முதற்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகக் கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி தாவி, சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. பலர் அதனைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆகவே புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய முதற்பதிப்பை இயக்கவும் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதையும் பெற்றோர்களும் அலுவலகங்களும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது: பகிர்ந்து வைப்பது வேறு, பாதுகாத்து வைப்பது வேறு. மூலம் ஒன்றே என்றால், அந்தக் கணிப்பொறி பழுதானால் எல்லாம் போய்விடுமே! அதற்குத்தான் காப்பு நகல். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில் என்பது கணிப்பொறித் துறையினர் கூறும் நல்ல விதி. காப்பு நகலில் யாரும் வேலை செய்வதில்லை. ஆகவே அது குழப்பம் தருவதில்லை. ஆபத்தில் மட்டும் உதவும். நமது அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் பூட்டுகிறார்கள். மற்றொன்று கன்னியர் இல்லத்தில் இருக்கிறது. எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க்கையும் தீய மென்பொருள் பூட்டிவிடும் என்பதால்தான் இந்தக் கழற்றல்.

நாங்கள் கற்றது

வேலை முடிந்த அன்று மாலை, எங்களுள் ஒருத்தி ஆசையோடு ஆய்வகக் கணிப்பொறியிலிருந்து அலுவலக ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். 'அனுமதி இல்லை' என்று திரை காட்டியது. "நாங்கள்தானே டீச்சர் வயர் இழுத்தோம்!" என்று முகம் வாடினாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, "நீ இழுத்த வயர் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா, அம்மா?" என்றார். சற்று யோசித்தபோது எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. எங்களுக்கே திறக்காத கதவுதான் எங்கள் விவரங்களையும் காக்கிறது.

இந்த ஆண்டும் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் சரிபார்ப்புக்கு வந்தது. ஒரு தந்தை சொன்ன திருத்தத்தை அக்கா பதிந்த மறுநிமிடமே, டீச்சரின் திரையிலும் அது சரியாக இருந்தது. அவர் மறுபடியும் வர வேண்டியிருக்கவில்லை.

அன்புத் தோழியரே! நாளை நீங்கள் எந்த அலுவலகத்தில் பணியாற்றினாலும் உங்கள் கையில் பிறருடைய பெயரும், தேதியும், துயரமும் ஒப்படைக்கப்படும். அவற்றை உரியவருக்கு உரிய அளவில் தாராளமாகப் பகிருங்கள். உரிமை இல்லாதவரிடமிருந்து உறுதியாகக் காத்திடுங்கள். பகிர்வதும் ஒரு பொறுப்பே!

— பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் மாணவியர்